குரோனோ வாங்கப் போகிறேன்: எந்த வகை? (பெல்லட், தோட்டா வேகம் அளக்கும் கருவிகள்)

கொங்குபெல்லட் (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு ஏர் ரைபிள்கள் உண்டு. ஒன்று கிளப்பில் 10 மீட்டர் சுடும் பிசிபி, அதாவது சிலிண்டரில் முன்பே அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது. இன்னொன்று வீட்டில் கிடக்கும் இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைபிள். இரண்டும் .177 அங்குலக் குழல்தான்.

ஸ்பிரிங் ரைபிள் பெட்டியில் 1000 எஃப்பிஎஸ் (நொடிக்கு 1000 அடி) என்று அச்சடித்திருக்கிறார்கள். நம்ப முடியவில்லை. பிசிபியில் வேறு பிரச்சினை. சில நாள் குரூப் (இலக்கில் விழும் துளைகளின் கூட்டம்) மேலும் கீழுமாக நீள்கிறது. காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் காரணமா, பெல்லட் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) காரணமா, என் மூச்சா என்று புரியவில்லை. வேகத்தை அளந்து பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும் என்று கோச் சொன்னார்.

இணையத்தில் தேடினால் குழலில் மாட்டுவது, முன்னால் வைத்துச் சுடுவது, ரேடார் என்று மூன்று நான்கு வகை வருகிறது. விலை சில ஆயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் போகிறது. எனக்கு எது போதும்?


வால்வு வாசு (மதுரை)

தம்பி, உங்களுக்குக் குழல் முனையில் மாட்டும் சின்னக் கருவி போதும். சீனத் தயாரிப்பு எக்ஸ்3200 மாதிரி. உள்ளே இரண்டு அகச்சிவப்பு சென்சார். பெல்லட் முதல் ஒளியை மறைத்ததிலிருந்து இரண்டாவதை மறைக்கும் வரை எத்தனை மைக்ரோநொடி ஆனது என்று எண்ணி, வேகத்தைத் திரையில் காட்டிவிடும். ஒளி வெளியிலிருந்து வராது, அதனால் மொட்டை மாடி, தாழ்வாரம், இரவு என்று எங்கேயும் வேலை செய்யும். இங்கிலாந்துக்காரர்கள் பல வருஷமாக ரப்பர் பேண்டில் கட்டிச் சுடும் கோம்ப்ரோவும் இதே குடும்பம்தான்.

மாட்டும்போது இரண்டு விஷயம் பாருங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னால் வட்டம் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். கோணல் என்றால் பெல்லட் கருவியின் ஓரத்தில் உரசும். இரண்டாவது, ஸ்பிரிங் ரைபிளில் எண்ணெய் அதிகம் இருந்தால் முதல் பத்துப் பதினைந்து சூடு டீசலாகும். எண்ணெய் அழுத்தத்தில் தீப்பிடித்துப் பெல்லட்டைக் கூடுதலாகத் தள்ளும். அந்த வேக எண்ணை எழுதி வைத்துக்கொண்டு "ஆகா, என் துப்பாக்கி 1000 போகிறது" என்று குதிக்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. புகை அடங்கி வேகம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கணக்கு.

ஐம்பதாயிரம் கொடுத்து ரேடார் வாங்குவதெல்லாம் நமக்குத் தேவையில்லாத ஆடம்பரம்.


லெஸ்டர் மாமா (இங்கிலாந்து)

வாசு சொல்வதில் பாதிக்கு உடன்பாடு. "போதும்" என்பது எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊரில் குரோனோ வைத்திருப்பதற்கு முதல் காரணம் சட்டம். சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது, அதாவது 16.27 ஜூல். ஏர் பிஸ்டலுக்கு 6. தாண்டினால் அது வேறு வகை ஆயுதம், நீங்கள் குற்றவாளி. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வேகத்தில் ஒரு சதவீதப் பிழை ஆற்றலில் இரண்டு சதவீதமாகிறது. உங்கள் கருவி 11.8 என்று காட்டினால் உண்மையில் 12.04 ஆக இருக்கலாம். அதனால்தான் இங்கே விவரம் தெரிந்தவர்கள் பதினொன்றரையைத் தாண்ட விடுவதில்லை.

இன்னொன்று: ஒரே பெல்லட்டை மட்டும் சுட்டு "சட்டத்துக்குள் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். ஸ்பிரிங் ரைபிள் பொதுவாக இலேசான பெல்லட்டில் அதிக ஆற்றல் தரும். பிசிபி கனமான பெல்லட்டில் அதிகம் தரும். இரண்டையும் சுட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இப்போது என்ன வரம்பு? பழைய நாளில் ஏதோ மரப்பலகை கணக்கு இருந்ததே?


வால்வு வாசு (மதுரை)

ஆமாம் மாமா, 1962 ஆயுத விதிகளில் பலகைதான். ஓர் அங்குலக் கனமுள்ள, நன்றாக உலர்ந்த மென்மரப் பலகையை ஐந்து அடி தூரத்திலிருந்து சுட வேண்டும். துளைத்துக்கொண்டு போனால் உரிமம் வேண்டும். 2016 விதிகளில் அது ஜூல் கணக்காகிவிட்டது: 20 ஜூலுக்கு மேல் போகக் கூடாது, குழல் துளை .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. .22 ஏர் ரைபிள் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் உரிமம் வேண்டும். அதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறாது.


கொங்குபெல்லட் (கோயம்புத்தூர்)

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 8.44 கிரெய்ன் பெல்லட் 0.547 கிராம். அதற்கு 20 ஜூல் என்றால் நொடிக்கு 270 மீட்டர், அதாவது சுமார் 887 எஃப்பிஎஸ். பெட்டியில் போட்டிருக்கும் 1000 இந்தப் பெல்லட்டுக்கு உண்மையென்றால் 25 ஜூல் வருகிறது, சட்டத்துக்கு வெளியே! அப்படியானால் பெட்டியில் இருப்பது எந்தப் பெல்லட்டின் வேகம்?


வால்வு வாசு (மதுரை)

ஈயம் இல்லாத இலேசான பெல்லட்டில் சுட்டு எடுத்த எண்ணாக இருக்கும். 0.40 கிராம் பெல்லட் 1000 எஃப்பிஎஸ் போனாலும் பதினெட்டரை ஜூல்தான். பெட்டியில் அச்சடிக்கிறவர்கள் எல்லோரும் செய்யும் வேலை இது. பெல்லட் எடை எழுதாத வேக எண் வெறும் விளம்பரம்.


பத்துமீட்டர் (சென்னை)

நான் இந்த இழையின் இன்னொரு பாதியைப் பேசுகிறேன், மேலும் கீழும் நீளும் குரூப். இங்கே சட்ட வரம்பு பிரச்சினையே இல்லை. போட்டி ரைபிள்கள் 170 மீ/நொடி சுற்றித்தான் சுடுகின்றன, ஏழெட்டு ஜூல். உங்களுக்குத் தேவை உண்மையான வேகம் அல்ல, ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். கருவி எல்லாச் சூட்டையும் ஒரே மாதிரி இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை. இன்று கூட்டி நாளை குறைத்துக் காட்டினால்தான் கவலை.

வேக வித்தியாசம் இலக்கில் எவ்வளவு தெரியும் என்று முதலில் பாருங்கள். பெல்லட் 10 மீட்டர் போக ஏறத்தாழ 62 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பில் 19 மில்லிமீட்டர் விழும். வேகம் 170க்குப் பதில் 167 ஆனால், கூடுதலாக விழுவது 0.6, 0.7 மில்லிமீட்டர். நம் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. தசம மதிப்பெண்ணில் ஒவ்வொரு 0.1 என்பதும் 0.25 மில்லிமீட்டர். ஆக 3 மீ/நொடி குறைந்தால் இரண்டு மூன்று தசமம் போகும். இறுதிச் சுற்றில் அது பதக்கம். ஆனால் உங்கள் குரூப் ஐந்து ஆறு மில்லிமீட்டர் நீள்கிறதென்றால், அதற்கு வேகத்தைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நீளத்துக்கு வேகம் 25 மீ/நொடி ஆட வேண்டும், அப்படியானால் ரெகுலேட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம், அதைச் சொல்லக் குரோனோ தேவையில்லை. எத்தனை மில்லிமீட்டர் நீள்கிறது, சொல்லுங்கள்.

50 மீட்டரில் கதை மாறும். .22 போட்டித் தோட்டா 330 மீ/நொடி அளவில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே போகிறது. 50 மீட்டரில் 12 சென்டிமீட்டர் விழும். ஒரு டப்பாவுக்குள் 10 மீ/நொடி வித்தியாசம் இருந்தால் உயரத்தில் 7 மில்லிமீட்டர். அங்கே பத்து வளையமே 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான். அதனால்தான் .22காரர்கள் தோட்டாவை லாட் நம்பர் (ஒரே தொகுப்பாகச் செய்தவற்றின் எண்) பார்த்து, தங்கள் குழலிலேயே சுட்டுத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். ஐந்து சூடு சுட்டுத் திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐந்து சூட்டில் 2 மீ/நொடி என்று வந்தால், உண்மையான மதிப்பு 1.2 முதல் 5.7 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில். இருபது சூடு சுட்டால் அதே வரம்பு 1.5 முதல் 2.9 வரை குறுகும். ஐந்து சூட்டை வைத்து "இந்தப் பெல்லட் நல்லது, அது மோசம்" என்பது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.


வால்வு வாசு (மதுரை)

மேடம், களத்தில் இருபது இருபதாகச் சுட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ரெகுலேட்டர் சரியா என்பது பத்துச் சூட்டிலேயே தெரிந்துவிடும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தால் போதும்.


பத்துமீட்டர் (சென்னை)

ரெகுலேட்டர் கெட்டிருந்தால் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் புள்ளியியலே வேண்டாம். சற்று நேரம் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் முதல் சூடு மட்டும் வேகமாகப் போகும், ஏனென்றால் அழுத்தம் மெல்லக் கசிந்து ஏறியிருக்கும். அந்த வடிவம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் இரண்டு பெல்லட் வகையை ஒப்பிட உச்ச-நீச்ச வித்தியாசம் மோசமான அளவுகோல். சூடு கூடக் கூட அது பெருகிக்கொண்டே போகும். ஐந்து சூட்டில் சராசரியாகத் திட்ட விலக்கத்தின் 2.3 மடங்கு, இருபது சூட்டில் 3.7 மடங்கு. ஒருவர் ஐந்து சுட்டு, இன்னொருவர் இருபது சுட்டு ஒப்பிட்டால், ஐந்து சுட்டவர் துப்பாக்கி எப்போதும் நல்லதாகத்தான் தெரியும். இங்கே பெருமையாகப் போடும் படங்களில் பாதி இந்த வகை.


பனிக்காடு (டொராண்டோ)

வணக்கம். எல்லோரும் பெல்லட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள், நான் பெரிய தோட்டாப் பக்கம். 6.5 கிரீட்மூர் என்ற ரைபிள் வகைக்கு வீட்டிலேயே மருந்து நிரப்பித் தோட்டா செய்கிறேன், 140 கிரெய்ன், 820 மீ/நொடி அளவில். ரேடார் ஆடம்பரம் என்று வாசு அண்ணை சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இங்கே ரேஞ்சில் ஒளி சென்சார் குரோனோவை முன்னால் வைக்க வேண்டும் என்றால், எல்லோரும் சுடுவதை நிறுத்தி, கொடி போட்டு, ஆள் இறங்கிப் போய் முக்காலியை நிறுத்தி, திரும்பி வந்து, நேராக இல்லை என்று மீண்டும் போய்... பக்கத்தில் நிற்கிற சனம் முறைத்துப் பார்க்கும். பெரிய துப்பாக்கியின் வெடிப்புக் காற்றும் ஒளியும் சென்சாரைக் குழப்பாமல் இருக்க மூன்று முதல் ஐந்து மீட்டர் முன்னால் வேறு வைக்க வேண்டும். ரேடாரை மேசையில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. நான் காசு கொடுத்தது துல்லியத்துக்கு என்பதை விட இந்த நிம்மதிக்குத்தான்.

வேலை செய்யும் விதம் போக்குவரத்துப் பொலிசின் கருவி மாதிரியே. 24 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தோட்டாவின் முதுகில் அடித்து, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. 820 மீ/நொடிக்கு அந்த மாற்றம் 131 கிலோஹெர்ட்ஸ். உங்கள் 170 மீ/நொடி பெல்லட்டுக்கு 27 கிலோஹெர்ட்ஸ். அதை எண்ணுவது மின்னணுவுக்குச் சின்ன வேலை. சென்சாருக்கு இடையேயான தூரம், வெயில், நிழல் எதுவும் இதைப் பாதிக்காது.

இதை முதலில் சாதாரண ஆட்களுக்குக் கொண்டுவந்தது லேப்ரேடார், எங்கள் கெபெக்கில் செய்தது. ஓரஞ்சுப் பெட்டி, பற்றரியைத் தின்னும், பக்கத்து மேசைக்காரன் சுட்ட சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். அதற்காகப் பின்னுதையை உணரும் சின்ன டிரிக்கரை வாங்கிப் பூட்டினோம். 2023இல் கார்மின் ஸீரோ சி1 ப்ரோ வந்தது, 600 அமெரிக்க டொலர், உள்ளங்கையில் அடங்கும். நொடிக்கு 100 அடியிலிருந்து 5000 அடி வரை பிடிக்கும், ஆகவே அம்பும் பெல்லட்டும் கூட அளக்கலாம். அதன் பிறகு அத்லான் போன்றவர்கள் இன்னும் மலிவாகக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லேப்ரேடார் தோட்டாவைத் துரத்திக்கொண்டு போய், நூறு யார் வரை வெவ்வேறு தூரத்தில் வேகம் சொல்லும். கார்மின் குழல் முனை வேகத்தை மட்டும் சொல்லும். பறக்கும்போது தோட்டா எவ்வளவு வேகம் இழக்கிறது, பிசி (காற்றுத் தடையைத் தாண்டி வேகத்தைத் தக்கவைக்கும் திறனின் எண்) எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அதிலும் அவசரப்படாதீர்கள். என் தோட்டா முதல் நூறு யாரில் இழப்பது சுமார் 45 மீ/நொடிதான். இரண்டு முனையிலும் ஒரு மீ/நொடி பிழை எதிரெதிராக வந்தால் 45க்கு 2, அதாவது பிசியில் நான்கு சதவீதத்துக்கு மேல் பிழை. தூரச் சூட்டுக்காரர்கள் இதனால்தான் கடைசியில் 800, 900 மீட்டரில் உண்மையாகவே எவ்வளவு விழுந்தது என்று பார்த்து, கணினியில் உள்ள எண்ணைத் திருத்துகிறார்கள். அந்தத் தூரத்தில் வேகத்தில் 9 மீ/நொடி வித்தியாசம் உயரத்தில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். அந்த விளையாட்டுக்கு நல்ல குரோனோ ஆடம்பரம் இல்லை, செருப்பு மாதிரி அவசியம்.


கரிசல் (தூத்துக்குடி)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கிளப்பில் முன்னால் வைத்துச் சுடும் பழைய மடக்கு குரோனோ ஒன்று கிடக்கிறது. உள் அரங்கில் வைத்தால் சம்பந்தமில்லாத எண் காட்டுகிறது, சில சமயம் காட்டுவதே இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?


லெஸ்டர் மாமா (இங்கிலாந்து)

தூக்கிப் போடாதீர்கள். மேலே டியூப்லைட்தானே? பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கருவிக்கு ஒவ்வொரு மினுக்கும் ஒரு தோட்டா. பழைய குண்டு பல்பு இரண்டை மேலே வெள்ளைத் தடுப்புக்குப் பின்னால் பொருத்துங்கள், அல்லது மதிய நேரத்தில் வெளியே திறந்த வானத்துக்குக் கீழே வையுங்கள். அந்த வகைக்குப் பிடித்தது மேகமூட்டமான வானம்.

மடக்கு வகையில் முழுக்க விரித்து நேராக்கியிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சென்சார்களுக்கு இடையே ஓர் அடிதான் தூரம். மடிப்பு நேராகாமல் தூரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், எண் 0.3 சதவீதம் கூடிக் காட்டும். கருவி குனிந்தோ நிமிர்ந்தோ இருந்தாலும் பிழைதான், 5 டிகிரி சாய்வுக்கு 0.4 சதவீதம்.

இந்த வகையில் எனக்கு மரியாதை உள்ள கருவி அமெரிக்காவின் ஓலர் 35பி. மூன்று சென்சார் வைத்து ஒரே சூட்டை இரண்டு முறை அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நட்சத்திரக் குறி போட்டு "இதை நம்பாதே" என்று சொல்லிவிடும். மலிவுக் கருவிகள் தப்பான எண்ணையும் முழு நம்பிக்கையோடு காட்டுகின்றன.


பனிக்காடு (டொராண்டோ)

மேக்னெட்டோஸ்பீடை யாரும் சொல்லவில்லை. குழலுக்குக் கீழே கத்தி மாதிரிக் கட்டுவது. ஒளி இல்லை, தோட்டா மேலே கடக்கும்போது காந்தப்புலத்தில் வரும் மாற்றத்தைப் பிடிக்கும். மழை, இருட்டு, எதுவும் பிரச்சினை இல்லை, எண்ணும் நம்பத்தக்கது. ஆனால் குழலில் எடை தொங்குவதால் குண்டு விழும் இடம் மாறிவிடும். வேகமும் குரூப்பும் ஒரே சூட்டில் பார்க்க முடியாது. கொங்குத் தம்பி மாட்ட நினைக்கும் சின்னக் கருவிக்கும் இதே கதைதான்.


இயற்பியல் வாத்தியார் (திருநெல்வேலி)

படித்துக்கொண்டே வந்தேன். ஒருவராவது ஊசல் என்று சொல்வீர்கள் என்று பார்த்தால், எல்லோரும் கடைக்கே போகிறீர்கள்.

தோட்டாவின் வேகத்தை முதன்முதலில் உருப்படியாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியிட்டார். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் சுட்டு, கட்டை எவ்வளவு பின்வாங்கியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் போகிறது என்றும், காற்றின் தடை அன்று எல்லோரும் நினைத்ததை விடப் பல மடங்கு அதிகம் என்றும் காட்டினார். நம்மூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: அந்த மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டைப் பொறியாளராக வந்து, 1751இல் கடலூர் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். பாலிஸ்டிக்ஸ் என்ற, குண்டின் பாய்ச்சலை ஆராயும் துறையைத் தொடங்கி வைத்தவர் நம் கடற்கரையில் முடிந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஒரு சின்ன டப்பாவில் களிமண்ணை அழுத்தி, மொத்தம் 300 கிராம் வரும்படி செய்யுங்கள். முன்னும் பின்னும் இரண்டிரண்டு நூலாக, ஒரு மீட்டர் நீளத்தில் ஊஞ்சல் போலத் தொங்கவிடுங்கள். நான்கு நூல் என்றால் டப்பா சுழலாது. 0.53 கிராம் பெல்லட் 170 மீ/நொடியில் புதைந்தால் டப்பா 96 மில்லிமீட்டர் பின்னால் போகும். பின்னால் ஓர் இலேசான காகிதச் சீட்டை வைத்தால் அது தள்ளப்பட்ட தூரம் அப்படியே நிற்கும். ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் பிழை ஒரு சதவீதம். ஒரு கிலோ டப்பா என்றால் 29 மில்லிமீட்டர்தான் நகரும், பிழை மூன்றரை சதவீதமாகிவிடும். ஆகவே இலேசாகச் செய்யுங்கள். டப்பாவுக்குப் பின்னால் பெல்லட்டைத் தாங்கும் தடுப்பு அவசியம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

சட்ட வரம்புக்கு ஒரு சதவீதம் போதாது என்று லெஸ்டர்க்காரர் சொல்வார். சரிதான். ஆனால் கடையில் வாங்கிய கருவி பத்து சதவீதம் பொய் சொல்கிறதா என்று பிடிக்க இது போதும். இதில் மின்சாரம் இல்லை, மென்பொருள் இல்லை, எடையும் நீளமும் மட்டும்.

போனில் சத்தம் பதிந்து அளக்கும் வழியும் உண்டு. அதில் பெரும்பாலோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போன் துப்பாக்கிப் பக்கம் இருந்தால், 10 மீட்டர் தூரத்தில் பெல்லட் பட்ட சத்தம் திரும்பி வரவும் நேரமாகும். நம்மூர் 35 டிகிரி வெயிலில் ஒலி 352 மீ/நொடி, ஆக 28 மில்லிநொடி. இரண்டு சத்தத்துக்கும் இடையே 90 மில்லிநொடி பதிந்தால் அதில் 28ஐக் கழித்து 62 என்று எடுக்க வேண்டும். வேகம் 161 மீ/நொடி. கழிக்காமல் வகுத்தால் 111 வரும். அதுவும் பத்து மீட்டரின் சராசரி வேகம்தான், குழல் முனை வேகம் அல்ல. தட்டை மூக்குப் பெல்லட் பத்து மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழந்துவிடும்.


பனிக்காடு (டொராண்டோ)

ஐயா, 6.5 கிரீட்மூருக்கு எத்தனை கிலோ களிமண்?


இயற்பியல் வாத்தியார் (திருநெல்வேலி)

அதை உங்கள் ரேடாரே பார்த்துக்கொள்ளட்டும்.


கொங்குபெல்லட் (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் நன்றி. பத்துமீட்டர் அக்கா கேட்டதற்குப் பதில்: குரூப் மேலும் கீழுமாக நாலைந்து மில்லிமீட்டர் நீள்கிறது. அப்படியானால் வேகம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று புரிகிறது. ஆனாலும் அளந்து பார்த்துவிட்டால் அந்தக் கேள்வியை மூடிவிடலாம்.

வாசு அண்ணன் சொன்ன சின்னக் கருவியையே வாங்குகிறேன். வாங்கியதும் வாத்தியார் சாரின் ஊசலோடு ஒருமுறை ஒப்பிடுகிறேன். ரேடார் வேண்டாம். பனிக்காடு அண்ணா, இங்கே அதை இறக்குமதி செய்தால் ரேடியோ அலை வீசும் கருவி என்று தொலைத்தொடர்புத் துறைச் சான்று வேறு கேட்பார்களாம். அந்தத் தலைவலி எனக்கு வேண்டாம்.


பத்துமீட்டர் (சென்னை)

நல்ல முடிவு. அளக்கும்போது இதைச் செய்யுங்கள். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஒரு தொகுதி, பாதியில் ஒன்று, ரெகுலேட்டர் அழுத்தத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒன்று. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுக்காதீர்கள். பெல்லட்டையும் நகைக் கடைத் தராசு மாதிரி மில்லிகிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். ஒரே டப்பாவில் எடை வித்தியாசம் இருந்தால் வேக வித்தியாசத்தின் ஒரு பகுதி அங்கிருந்தே வரும். குரூப் பார்க்கும் நாளில் கருவியைக் கழற்றிவிடுங்கள்.

மூன்று தொகுதியிலும் வேகம் ஒரு மீ/நொடிக்குள் அடங்கினால் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கோச்சிடம் மூச்சையும் கன்னம் வைக்கும் இடத்தையும் பாருங்கள். மேலும் கீழும் நீள்வது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.


வால்வு வாசு (மதுரை)

ஸ்பிரிங் ரைபிளின் வேக எண்ணையும் இங்கே எழுதுங்கள் தம்பி. பெல்லட் எடையோடு. 20 ஜூலுக்கு மேல் காட்டினால், எண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு மறுபடியும் அளந்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.


கரிசல் (தூத்துக்குடி)

குண்டு பல்பு மாட்டியாயிற்று, எண் நிற்கிறது. லெஸ்டர் மாமாவுக்கு நன்றி. வாத்தியார் ஐயா, ஊசலின் நீளம் ஒரு மீட்டர் என்றீர்களே, அது நூலின் நீளமா, மேலே கட்டிய இடத்திலிருந்து டப்பாவின் நடுப்பகுதி வரையா?


இயற்பியல் வாத்தியார் (திருநெல்வேலி)

ஒரே நூலில் தொங்கினால் டப்பாவின் நடு வரை எடுக்க வேண்டும். நான்கு நூலில் ஊஞ்சல் மாதிரிக் கட்டினால் டப்பா சாயாமல் அப்படியே நகரும், அப்போது நூலின் நீளம் மட்டும் போதும். கொக்கியிலிருந்து டப்பாவில் முடிச்சுப் போட்ட இடம் வரை, செங்குத்தாக அளந்துகொள்ளுங்கள். நைலான் நூல் இழுபடும், மீன்பிடிக்கும் சடை நூல் நல்லது. தூத்துக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை.